சிகிச்சை இலவசம், படுக்க எங்கே போவது?

என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரிக்க வீட்டுக்குப் போனேன். தாய்க்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து மஹரகமவில் கதிர்ச் சிகிச்சை ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாட்களில் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொண்டு மகள் வீட்டில் நின்றிருக்கிறாள். நான் போனபோது தாயும் வீட்டில்தான் இருந்தார். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மருந்துக்குக் காசு கேக்கல்ல டீச்சர். படுக்கத்தான் இடமில்ல" என்றார்.

அரசாங்க வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம் என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தத் தாய் ஏன் திரும்பி வந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கதிர்ச் சிகிச்சை பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கொடுக்கப்படும். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று முதல் ஐந்து வாரம் போகலாம். வாய், தொண்டை என்றால் ஆறு, ஏழு வாரம். நடமாடக்கூடிய நோயாளியை அத்தனை நாளும் வார்டில் வைத்திருக்க கட்டில்கள் போதாது. மாகாணங்களில் புற்றுநோய்ப் பிரிவுகள் இருந்தாலும் எல்லா இடத்திலும் கதிர் இயந்திரம் கிடையாது. கிழக்கிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கொழும்பு. தினமும் போய்வர முடியாது. ஆகவே வாடகை அறை தேட வேண்டும். பெண் என்றால் துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேரின் சாப்பாடு, முச்சக்கர வண்டிக் கூலி, அதோடு கணவன் நாட்கூலிக்காரர் என்றால் அந்த வருமானமும் நின்றுவிடும். சில வேளை ஒரு மருந்தை வெளியில் வாங்கிவரச் சொல்வார்கள். அதற்கும் இந்தக் கைக்காசுதான்.

இடையில் நிறுத்தினால் என்ன? கதிர் பட்டுச் சாகாமல் எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் அந்த இடைவெளியில் மீண்டும் பெருகத் தொடங்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோயில் இந்த ஆபத்து கூடுதல். எனவே தங்குமிடத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஏற்றும் மருந்து, அதாவது கீமோ, வேறு விதம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் ஏற்றிய பிறகு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. அந்நேரம் 38 பாகை காய்ச்சல் வந்தாலே உடனடியாக வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. இதனால்தான் தங்குமிடம் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். தூரத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய வீட்டை விட, நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறைகள் மேல்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் தாராளமானவர்கள். நோயாளி என்றதும் பிரியாணிப் பார்சலோடு வந்துவிடுவோம். வாயில் கதிர் பட்டவருக்கு அந்த உறைப்பு நெருப்பு. அவருக்குத் தேவை நோன்புக் கஞ்சி போல, உறைப்பில்லாமல், அன்றன்றே காய்ச்சியது. ஒரு சிறிய சமையலறையும் சுத்தமான கழிப்பறையும் இருந்தால் துணைக்கு வந்தவரே அதைச் செய்துகொள்வார். பார்சலோடு போனைத் தூக்கிப் படம் எடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துவோம். முடி கொட்டிய ஒரு தாயின் முகம் முகநூலில் சுற்றுவதை அவரது பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

பணம் நம் சமூகத்தில் இல்லை என்று நான் நம்பவில்லை. மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றி மக்கள் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள். அதே மஹரகமவில் சிறுவர்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் இடம் கொடுக்கும் 'சுவ அரண'வை இந்திரா புற்றுநோய் நிதியம் நடத்துகிறது. முன்மாதிரிகளுக்கும் குறைவில்லை.

ஸகாத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தவ்பா அத்தியாயத்தின் 60 ஆவது வசனம் சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளும் தேவையுடையோரும் முதலில் வருகிறார்கள். வழிப்போக்கரும் உண்டு. ஏழை நோயாளியின் கையில் பஸ் காசையும் அறை வாடகையையும் மருந்துச் செலவையும் ஸகாத்தாகக் கொடுப்பதில் சிக்கலில்லை. கட்டடம் கட்டுவது வேறு விடயம். ஸகாத் பொருள் பெறுபவருக்கு உரிமையாக்கப்பட வேண்டும் என்று பல ஆலிம்கள் கூறுவதால் அதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டடத்துக்கு ஸதகாவையும் வக்பையும் பயன்படுத்துவது பாதுகாப்பான வழி. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

என் மாணவியின் தாய்க்கு எங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகள் மூவர் சேர்ந்து ஒரு அறை எடுத்துக் கொடுத்தார்கள். தவறிய நாட்களுக்கு ஈடாக வைத்தியர்கள் மேலதிக நாட்கள் கொடுத்தார்கள். அறைக்கு முற்பணம் கட்டத்தான் சிரமப்பட்டோம். ஸகாத் முழுவதும் ரமழானிலேயே பங்கிடப்பட்டு முடிந்திருந்தது. அவரது சிகிச்சை வந்ததோ முஹர்ரத்தில். ஒவ்வொரு பைத்துஸ் ஸகாத்தும் ஒரு சிறு பங்கை இப்படியான நோயாளிகளுக்கென ஒதுக்கி, மாதாமாதம் கொடுக்க முடியுமா என்பதை அடுத்த கூட்டத்திலேயே பேசலாம்.