ஏழெட்டு லோடு எங்கே போகிறது?

மன்னார்குடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதல் இரண்டு நாளிலேயே பாதி வீடு விலைபோய்விடும். நிலை, கதவு, ஜன்னல், தேக்கு உத்திரம் எல்லாம் பழைய மரக்கடைக்கு. ஓட்டுக்கு எண்ணிக்கைக் கணக்கு. செங்கல்லில் ஒட்டியிருக்கும் காரையைக் கொத்தியெடுத்து அடுக்கிவைத்தால் முழுக்கல்லுக்கு ஒரு விலை, அரைக்கல்லுக்கு ஒரு விலை. கம்பியும் ஒயரும் குழாயும் காயலான் கடைக்கு. இடிக்க வருகிற ஒப்பந்தக்காரர் இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்துத்தான் பேரத்துக்கே உட்காருவார். மரம் நிறைய இருந்தால் அவரே வீட்டுக்காரருக்குப் பணம் தருவதும் உண்டு.

கடைசியில் மிஞ்சுவது யாரும் விலை கேட்காத குவியல். சுண்ணாம்புக் காரை, நொறுங்கிய ஓடு, சிமெண்டுக் கட்டி, பாத்ரூம் டைல்ஸ், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாம் கலந்த ரப்பீஸ்.

மத்திய அரசின் தொழில்நுட்ப அமைப்பான டிஃபாக் 2001-ல் போட்ட மதிப்பீட்டின்படி, உறுதியான நிரந்தரக் கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோ கழிவு. பகுதி நிரந்தரக் கட்டடத்துக்கு 300 கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 28 டன்னிலிருந்து 46 டன் வரை வரும். விற்றதைக் கழித்தாலும் ஏழெட்டு டிராக்டர் லோடு நிற்கும். மதிலழகுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு மதில் இடிந்தால் அந்த மண் எங்கே போகிறது என்று கேட்பாரில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சிலேயே வந்துவிட்டன. நாளுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று தனித்தனியாகப் பிரித்துவைக்க வேண்டும் என்றன அவை. சாதாரணத் தனி வீடு 300 டன்னைத் தொடப்போவதில்லை. ஜேசிபியை விட்டு ஒரே நாளில் தள்ளினால் அந்த 20 டன்னைத் தாண்டலாம். ஆனால் சந்துக்குள் எடைமேடையோடு நிற்கப்போவது யார்? ஐந்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்குக் கழிவைப் பதப்படுத்தும் வசதி செய்ய 36 மாதம் கெடு தரப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 67,000 பேர் கொண்ட மன்னார்குடி அந்தப் பட்டியலில்தான் வரும். கெடு 2019-லேயே முடிந்துபோனது.

ரப்பீஸ் போகிற வழி வேறு. புது மனை வாங்கியவருக்குப் பள்ளத்தை மேடாக்க வேண்டும். டெல்டாவில் மனை என்றாலே நேற்றுவரை வயல்; சாலையைவிட இரண்டு மூன்று அடி தாழ்வு. மண் அடிக்கச் செலவாகும், ரப்பீஸ் மலிவு. சாலைக்கு மேல் சாலை போட்டே பல தெருக்கள் உயர்ந்துவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். அதற்குள் தாழ்ந்துபோன வீடுகள் ஏராளம். வாசலில் மழைத்தண்ணீர் ஏறும் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகிறார்கள். அந்த இடிபாடு இன்னொருவர் மனையை உயர்த்துகிறது. அங்கே நின்ற தண்ணீர் அடுத்தவர் கொல்லைக்குப் போகிறது.

போகட்டும், மனைக்குள் கொட்டினால் மனையோடு நிற்கும். பயமெல்லாம் வாய்க்காலைப் பற்றித்தான். பாமணி ஆற்றிலிருந்து பிரிந்து, கிளை கிளையாக இளைத்து, கடைசியில் வயலுக்குள் நுழையும்போது ஒரு கன்னி வாய்க்கால் மூன்றடி அகலம்கூட இருக்காது. நாலு லோடு போதும் அதைத் தூர்க்க. மேல் வயலின் வடிகால்தான் பல இடங்களில் கீழ் வயலுக்குப் பாசனம். நடுவில் ஒரு மனைப்பிரிவு எழுந்து, முகப்பில் பாதை போட நாலு லோடு கொட்டினால் மேலே சம்பா ஐப்பசியில் அழுகும். கீழே தை மாதம் கதிர் காயும். ஆற்றில் கொட்டினால் நாலு பேர் சத்தம் போடுவார்கள். இந்தச் சின்ன வாய்க்கால்களுக்காகச் சத்தம் போடுகிறவர் அதில் பாயும் இரண்டு ஏக்கர்காரர் மட்டும்தான். கழிவு வடிகாலை அடைக்கக் கூடாது என்று 2016 விதியிலேயே இருந்தது. ஆனால் டெல்டாவில் வடிகால் என்பது தெருவோரச் சாக்கடை மட்டுமல்ல என்பதை விதி எழுதியவர்கள் நினைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஆண்டுதோறும் மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வார அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. அப்பணி பெரும்பாலும் ஆறு, பெரிய வாய்க்கால்களோடு நின்றுவிடுகிறது.

சின்ன ஊருக்குத் தனி ஆலை கட்டுப்படியாகாது, ரப்பீஸ் அடித்தே நூற்றுக்கணக்கானோர் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆலை வேண்டாம்; ரப்பீஸைக் கொட்டி, பிரித்து, உடைக்க ஒரு யார்டு போதும்.

அந்த யார்டு ஏன் வேண்டும் என்றால், இது கல் இல்லாத நாடு. வண்டலைத் தோண்டினால் களிமண்தான் வரும். மன்னார்குடிக்கு ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வருகின்றன. விலையோடு வண்டிச்சத்தமும் சேர்கிறது. அப்படி வந்த கல்லைத்தான் இருபது முப்பது வருடம் கழித்து உடைத்துக் கன்னி வாய்க்காலில் போடுகிறோம். உடைத்த கான்கிரீட்டை ஜல்லியாகச் சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 383 தரநிலை 2016-லேயே அனுமதித்துவிட்டது: கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்டதில் எம்-25 வரை 20 சதவீதம், அடித்தளத்துக்குப் போடும் மெலிந்த கலவையில் முழுவதும். டெல்லி புராரியில் 2009 முதல் ஆலை ஓடுகிறது. உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்தில்கூட மறுசுழற்சிக் கற்கள் இருக்கின்றன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் வந்துவிட்டன. அரசு ஒப்பந்தங்களில் இத்தகைய பொருளைக் குறிப்பிட்ட சதவீதம் வாங்குவது கட்டாயம் என்றும் 2016 விதி சொன்னது. எவ்வளவு? அடைப்புக்குறிக்குள் ‘உதாரணமாக 10-20 சதவீதம்’ என்று இருந்தது. உதாரணத்தை வைத்து எந்தப் பொறியாளர் டெண்டர் எழுதுவார்?

2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் வகையில் 2025-ல் புது விதிகள் அறிவிக்கப்பட்டன. மறுசுழற்சி இலக்கு, சான்றிதழ், இணையப் பதிவு எல்லாம் உண்டு. அவற்றின் முழுப் பாரமும் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களின் மீது. அதாவது இரண்டே கால் லட்சம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. மன்னார்குடியில் அப்படி எத்தனை கட்டடம் எழும்பிவிடப் போகிறது?

இன்னொரு விலக்கும் இருக்கிறது. இயற்கைப் பேரிடரில் உண்டாகும் இடிபாடு இந்தப் புது விதிகளுக்குள் வராது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் ஓடும் ஷீட்டும் சுவருமாகச் சரிந்தது ஊருக்கு ஊர் மலையாகக் கிடந்தது. அடுத்த புயலின் குவியலைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் எது என்று இப்போதே குறித்துவைத்தால், அதே இடத்தில் சாதாரண நாளின் ஏழெட்டு லோடையும் இறக்கலாம். நகராட்சி எல்லையில் இரண்டு ஏக்கர் புறம்போக்கு, ஒரு எடைமேடை, அவ்வப்போது வாடகைக்கு வந்து போகும் நடமாடும் கிரஷர். வீடு இடிக்க அனுமதி கேட்கும்போதே லோடு கணக்கை எழுதி வாங்கி, யார்டு ரசீதைக் காட்டினால்தான் புது வரைபடத்துக்கு ஒப்புதல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது.