முகப்பருவும் மூலிகை ஜெல்லும்



"பச்சிலை மருந்துதானே அண்ணே, என்ன கெடுதல் வந்துடப் போவுது?" என்று கேட்டார் பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர். மகளின் முகப்பருவுக்கு அவர் பசார் மாலாமில் மூலிகை ஜெல் ஒரு டப்பா வாங்கியிருந்தார். முதல் வாரமே பரு அமுங்கிவிட்டது, முகமும் வெளுத்தது. டப்பா தீர்ந்ததும் முகமெல்லாம் சிவந்து, முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பியது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். டப்பாவின் மேல் கற்றாழைப் படம்தான் இருந்தது. உள்ளே என்னென்ன என்று ஒரு வரி கூட இல்லை.

பரு ஏன் வருகிறது? பருவ வயதில் தோலுக்குள் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. அதுவும் செத்த தோலும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. இது அழுக்கால் வருவதல்ல, பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

மூலிகையே பொய் என்று சொல்லவில்லை. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேருக்கு ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல். மற்றவர்களுக்கு பென்சாயில் பெராக்சைடு மருந்து. இரண்டுமே பருவைக் குறைத்தன. மூலிகை ஜெல் மெதுவாக வேலை செய்தது. ஆனால் எரிச்சல் குறைவு.

அந்த 5 விழுக்காடுதான் விஷயம். அதே எண்ணெயைக் கலக்காமல் பூசினால் தோல் புண்ணாகலாம். முறையாக ஜெல் செய்பவர்கள் மருந்தை அளந்து போடுவார்கள். புளிப்பைத் தோலுக்கு ஏற்றபடி சரிசெய்வார்கள். பூஞ்சை பிடிக்காமல் பாதுகாப்புப் பொருள் சேர்ப்பார்கள். வெயிலிலும் குளிரிலும் கெடுகிறதா என்று மாதக்கணக்கில் பார்ப்பார்கள். வீட்டில் வழித்த கற்றாழைச் சோறு சில நாளில் கெட்டுவிடும். தோலடியில் கசியும் மஞ்சள் பால் அரிக்கும். அதைக் கழுவிவிட வேண்டும்.

பெரிய ஆபத்து கலப்படம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த முகப்பூச்சுகளைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

ஆகவே:

1. சேர்மானப் பட்டியலும் தயாரித்தவர் முகவரியும் இல்லாததை வாங்காதீர்கள். பதிவு எண்ணை அமைச்சின் மருந்தகப் பிரிவில் சரிபாருங்கள்.

2. முதலில் முன்கையில் சிறிது பூசி, இரண்டு நாள் பாருங்கள்.

3. மூன்றே நாளில் பரு போகும், முகம் வெளுக்கும் என்றால் நம்பாதீர்கள். நல்ல மருந்துக்கே ஆறு, எட்டு வாரம் பிடிக்கும்.

4. வலிக்கிற கட்டியோ, தழும்போ, கர்ப்பமோ இருந்தால் நேரே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் தெளியப் பல மாதம் ஆயிற்று. வெட்டுக்காட்டு வியர்வையில் வந்த காசு, தோழர்களே. அதைக் கொடுத்து நோயை வாங்கலாமா?