கற்பூரவள்ளி, வல்லாரை, ஆறாத கால் புண்

சளிக்குக் கற்பூரவள்ளி, ஞாபகசக்திக்கு வல்லாரை என்பது நம் வீட்டுக் கணக்கு. தைவான் நிறுவனம் ஒன்று இந்த இரண்டின் சாரத்தையும் சேர்த்து, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு களிம்பு தயாரித்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு இட்ட பெயர் ஓஎன்101. 2021இல் தைவான் அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது.

சர்க்கரைப் புண் ஏன் ஆறுவதில்லை? காயம் பட்டதும் மேக்ரோஃபேஜ் எனப்படும் ரத்த அணுக்கள் அங்கே குவிந்து, கிருமியையும் செத்த திசுவையும் தின்று தீர்க்கும். சிவந்து வீங்குவது அந்த நேரத்தில்தான். சில நாட்களில் அவை குணம் மாறி, புதுத் திசு வளர்க்கும் வேலையில் இறங்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த மாற்றம் தடைப்படுகிறது. சுவரை இடிக்க வந்தவர்கள் இடித்துக்கொண்டே இருந்தால் கொத்தனார் எப்போது வேலையைத் தொடங்குவது? கற்பூரவள்ளிச் சாரம் இடிப்பவர்களை அடக்குகிறது, வல்லாரைச் சாரம் கட்டுபவர்களைத் தூண்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தைவான், சீனா, அமெரிக்காவில் 236 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு இருமுறை களிம்பு; மற்றதற்கு நீர் உறிஞ்சும் நவீன கட்டு. 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதத்தினருக்குப் புண் முழுதாக மூடியது. கட்டு மட்டும் போட்டவர்களில் 35.1 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள்: மூலிகையே இல்லாமல், ஒழுங்கான கவனிப்பிலேயே மூன்றில் ஒருவருக்குக் குணமாகியிருக்கிறது.

சந்தேகப்படவும் இடமுண்டு. ஆய்வுக்குப் பணம் தந்தது தயாரித்த நிறுவனமே. களிம்பா, கட்டா என்பது நோயாளிக்குத் தெரியும். புண்ணை மதிப்பிட்டவருக்கு மட்டும்தான் மறைத்தார்கள். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, தேனையும் மூலிகைப் பூச்சுகளையும் புண் ஆற்றப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. என் கணிப்பில் களிம்பு நம்பிக்கை தருவதுதான். ஆனால் அதைத் தயாரிக்காத யாராவது இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

அதற்குள் தொட்டியிலிருந்து நாலு இலையைப் பறித்து அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள். களிம்பில் இருப்பது அளந்து பிரித்தெடுத்த, சுத்திகரித்த சாரம். அம்மியிலும் மிக்ஸியிலும் அரைத்த விழுதோடு மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும். மஞ்சள் பற்றோ இன்னும் ஒரு தொல்லை: புண் கறுக்கிறதா, சீழ் பிடிக்கிறதா என்பதையே மறைத்துவிடும். நரம்பு மரத்த காலில் வலியும் தெரியாது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தினமும் இரவில் அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் எதையும் பூசாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.