காட்டுக்குப் போகும் கருவிகள் – 14: எறியும் கோடரி, குட்டையா நெட்டையா?

சென்ற வாரம் முகாம் கத்தியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதைவிட முரட்டுச் சாமான்: டோமஹாக். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கையில் சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய சிறு கோடரி. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் பலரின் பையில் அது இருக்கிறது. மாலையில் அடுப்புக்குச் சுள்ளி பிளக்கலாம். பிளந்து முடித்த பிறகு, ஒரு கட்டையை நிறுத்திவைத்து எறிந்தும் விளையாடலாம்.

வாங்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: சின்னதாக இருக்கவேண்டும், பையில் அடங்கவேண்டும், எறியவும் தோதாக இருக்கவேண்டும். கடைக்காரரும் சிரித்த முகத்தோடு ஒன்றை எடுத்து நீட்டுவார். கோரிக்கைக்குள்ளேயே ஒரு சண்டை ஒளிந்திருப்பதை அவர் சொல்லமாட்டார். குட்டையான கோடரி எறிவதற்குக் கஷ்டம், எறிய வாகானது பையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்காமல் வாங்கினால், இரண்டே வாரத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

எறியும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காம்பின் அடியைப் பிடித்து, கையைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய், முன்னால் வீசி விடுகிறோம். விடுகிற கணம் வரை கோடரியின் தலை ஒரு வட்டத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வட்டத்துக்கு மையம் ஏறக்குறைய நம் முழங்கை. கையை விட்டுப் பிரிந்ததும் தலை நேராகப் போகிறது. ஆனால் அதுவரை சுற்றிய அதே சுழற்சி அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் அது ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கக் கடக்கும் தூரமும் அந்த வட்டத்தின் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முழங்கையிலிருந்து கோடரித் தலை வரை 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு சுமார் 3.75 மீட்டர். அடிக்கணக்கில் 12 அடியும் சில அங்குலமும். 2017இல் தொடங்கிய உலகக் கோடரி எறிதல் லீக், கைக்கோடரிப் போட்டிக்கு எறியும் கோட்டை 12 அடியில் போட்டிருக்கிறது. மனிதக் கையின் நீளமும் நடுத்தரக் கோடரிக் காம்பின் நீளமும் சேர்ந்தால் ஒரு சுற்று அந்த இடத்தில்தான் முடியும். இதில் பலத்துக்கு வேலை இல்லை. வேகமாக எறிந்தால் சுழற்சியும் அதே அளவு கூடிவிடும், தூரம் மாறாது. புதிதாக எறிகிறவர்கள் பதியவில்லை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி எறிவார்கள். தேவைப்படுவது ஓர் அடி முன்னாலோ பின்னாலோ நகர்வதுதான்.

இப்போது காம்பைக் குட்டையாக்குங்கள். முழங்கையிலிருந்து தலை வரை 40 சென்டிமீட்டர்தான் என்றால், ஒரு சுற்று 2.5 மீட்டரில் முடிந்துவிடும். இதனால் இரண்டு தொல்லைகள். நெட்டைக் காம்பில் 10 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் வெட்டுவாய் சுமார் 10 டிகிரி திரும்பிப் போய் அடிக்கும். குட்டையில் அதே பிசகு 14 டிகிரி ஆகிறது. மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினாலும் நெட்டை பொறுத்துக்கொள்ளும், குட்டை படபடவென்று சுழன்று காம்பைக் கொண்டுபோய்க் கட்டையில் மோதும். இரண்டாவது தொல்லைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஒரு சுற்றுக்கு எறிய நீங்கள் கட்டையிலிருந்து எட்டடியில் நிற்கவேண்டும். பதியாத கோடரி திரும்பி வரும். எட்டடியில் அது வந்து விழும் இடம் உங்கள் கால்.

கடைகளில் இருப்பவற்றை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோக் நிறுவனத்தின் ஃபாஸ்ட்ஹாக் மொத்தமே பன்னிரண்டரை அங்குலம். அடக்கம் என்றால் அடக்கம், இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அதே நிறுவனத்தின் டாக்டிகல் டோமஹாக் 16 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. கண்ணாடியிழை சேர்த்த நைலான் காம்பு, போல்ட்டுப் போட்டு இறுக்கிய தலை. இன்னொரு பக்கம் சிஆர்கேடியின் வுட்ஸ் சோகன், 19 அங்குலம், ஹிக்கரி மரக் காம்பு. கோல்டு ஸ்டீலின் டிரெயில் ஹாக் 22 அங்குலம், எடை சுமார் 700 கிராம். பையின் நீளத்தை மட்டும் பார்க்கிறவர் முதல் இரண்டில் ஒன்றை எடுப்பார். எறிவதுதான் நோக்கம் என்றால் நான் கடைசி இரண்டின் பக்கம்தான் நிற்பேன்.

அப்படியானால் அடக்கம் என்ற பேச்சையே விட்டுவிடவேண்டியதுதானா? வேண்டாம். டோமஹாக்கின் பழைய அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது, புதிய பிளாஸ்டிக் காம்புக்காரர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

ஐரோப்பியக் கைக்கோடரியில் காம்பைக் கீழிருந்து தலைக்குள் நுழைத்து, மேலே ஆப்பு அடித்து இறுக்குவார்கள். கழற்ற முடியாது. டோமஹாக்கில் துளையின் மேல்வாய் அகலம், கீழ்வாய் குறுகல். காம்பின் மேல்நுனி பருத்திருக்கும். காம்பை மேலிருந்து சொருகி, தலைகீழாகப் பிடித்து மேல்நுனியைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் தலை தானாக இறுகிக்கொள்ளும். நம் ஊர்ப் பிக்காசுக்குக் காம்பு போடுவதும் இப்படித்தான். ஆப்பும் இல்லை, ஆணியும் இல்லை. கழற்றவேண்டுமா? தலையைப் பிடித்துக்கொண்டு காம்பின் அடிநுனியை மேல்நோக்கித் தட்டினால் போதும், கையோடு வந்துவிடும்.

வட அமெரிக்காவின் தோல் வணிகக் காலத்தில் கோடரி பயணப்பட்டதே இப்படித்தான்: இரும்புத் தலை ஊர் ஊராகக் கைமாறும், காம்பை அங்கங்கே வெட்டிப் போட்டுக்கொள்வார்கள். லூயிஸ், கிளார்க் இருவரின் தலைமையில் சென்ற பயணக்குழு 1804–05 குளிர்காலத்தை மிசௌரி ஆற்றங்கரையில், மாண்டன் கோட்டையில் கழித்தது. தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. குழுவிலிருந்த கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் பட்டறை போட்டுப் போர்க்கோடரிகள் அடித்துக் கொடுத்தார், பதிலுக்கு அந்த ஊர்க்காரர்கள் சோளம் கொடுத்தார்கள். வேடிக்கை பிறகு நடந்தது. 1806இல் குழு பசிபிக் கடற்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே, ஷீல்ட்ஸ் அடித்த அதே கோடரிகளைக் கண்டதாகக் குழுவின் சார்ஜென்ட் ஆர்ட்வே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கோடரி பண்டமாற்றில் மலை தாண்டிப் போயிருந்தது.

எனவே பைக்குள் அடங்கவேண்டியது தலை மட்டும்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு, தோலுறை போட்டுப் பையின் அடியில் கிடக்கும். 19 அங்குலக் காம்பைப் பையின் பக்கவாட்டு வாரில் செருகிக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிட வேலை.

கழலும் தலைக்கு எறிகிறவர்கள் மத்தியில் இன்னொரு மரியாதையும் உண்டு. பதியாமல் காம்பு மோதினால் அந்த அடி எங்கேயாவது போயாகவேண்டும். இறுக்கிக் கட்டிய காம்பு ஒடியும். கழலும் காம்பில் தலை கொஞ்சம் கீழே நழுவும், மறுபடி தட்டிக்கொண்டு எறியலாம். சில கம்பெனிகள் தலை நழுவாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணி வைத்து அனுப்புகின்றன. எறிய வாங்குகிறவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். திருகாணி கடிக்கிற இடத்தில்தான் மரம் முதலில் விரியும். எறியும்போது மட்டும் இந்த ஏற்பாடு. சுள்ளி பிளக்கும் முன் தலை இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

காம்புக்கு ஹிக்கரி. அதிர்ச்சி தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு என்பதால், இரும்பு வருமுன் கோல்ஃப் மட்டைகளுக்கும் அதைத்தான் போட்டார்கள். வாங்கும்போது காம்பைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்துப் பாருங்கள்: மரத்தின் இழை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஓடவேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால், ஒடியப்போகும் இடம் அதுதான். எறிகிறவருக்குக் காம்பு தேய்மானச் சரக்கு என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

இரும்பைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவேண்டாம். 1055 என்று போட்டிருந்தால் 0.55 சதவீதக் கார்பன் சேர்ந்த எஃகு, இந்த வேலைக்குத் தாராளம். துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வையுங்கள். சமையல் கத்தியைப் போலக் கடினமாகத் துவைச்சல் கொடுத்த வெட்டுவாய் எறிவதற்கு ஆகாது. ஆணியிலோ இன்னொரு கோடரியின் முதுகிலோ பட்டால் சில்லுப் பெயரும். சற்று மிதமான இரும்பென்றால் மடங்கும், அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். சவரக்கத்திக் கூர்மையும் தேவையில்லை.

தலையின் பின்பக்கம் சம்மட்டிபோல இருந்தால் கூடார முளை அடிக்க உதவும். ஈட்டிபோலக் கூர்முள் நீட்டிக்கொண்டிருக்கும் வகையை எறிவதற்கு வாங்கவே வாங்காதீர்கள். அந்த உருவம் பிரபலமானது வியட்நாம் போரில். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்த பீட்டர் லகானா 1966 முதல் 1970 வரை அப்படியொரு குட்டைக் கோடரியைத் தயாரித்து, சுமார் 4,000 வரை விற்றார். வாங்கியவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசு போட்ட சிப்பாய்கள். போர்க்களத்துக்கு என்று செய்த சாமான் அது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அந்த முள் திரும்பி வருவது உங்களை நோக்கி.

எறிகிற விளையாட்டு அமெரிக்காவில் உயிரோடிருப்பதற்குப் போர் காரணமில்லை. 1825 முதல் 1840 வரை ராக்கி மலைப்பகுதியில் தோல் வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிச் சரக்கு மாற்றிக்கொண்ட சந்தைகளை, இன்றும் அதே உடுப்பில் நடித்துக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டையில் சீட்டுக்கட்டுச் சீட்டைக் குத்திவைத்து அதைக் கோடரியால் கிழிப்பது அங்கே வாடிக்கை. நகரத்துக்காரர்களுக்கோ வேறொரு ஞாபகம். 1965 ஏப்ரலில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, 'டேனியல் பூன்' தொடரில் மிங்கோவாக நடித்துக்கொண்டிருந்த எட் ஏம்ஸ் வந்தார். பலகையில் வரைந்த ஒரு கௌபாய் உருவத்தின்மேல் எறிந்து காட்டினார். கச்சிதமாகப் பதிந்தது, கௌபாயின் தொடைகள் சேரும் இடத்தில், காம்பு மேல்நோக்கி நிற்க. அரங்கம் நிமிடக்கணக்கில் சிரித்தது.

இலக்குக்கு மென்மரம் வேண்டும். குறுக்கே அறுத்த வட்டத் துண்டு, வெட்டுமுகம் நம்மைப் பார்க்க. காட்டன்வுட், பாப்லர், பைன் எல்லாம் நல்லவை. காய்ந்துபோனால் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். உயிருள்ள மரத்தில் எறியாதீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மரத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாத இடத்திலும் அது அசிங்கம். இலக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கூடாது, பக்கத்தில் நிற்பவர்கள் எறிகிறவருக்குப் பின்னால் தள்ளி நிற்கவேண்டும், காலில் மூடிய காலணி இருக்கவேண்டும். அவ்வளவுதான் விதி.

இங்கிருந்தபடி வரவழைக்கலாமா என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்ஆயுதங்களின் பட்டியலில் போர்க்கோடரி பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விளையாட்டுக்கு என்று விற்கும் டோமஹாக் இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை, பணம் கட்டும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர்களுக்கு என் பரிந்துரை: 19 அங்குலத்துக்குக் குறையாத ஹிக்கரிக் காம்பு, முள் இல்லாத, கழலும் தலை. கூடவே உபரிக் காம்பு இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: அரமும் தீட்டுக்கல்லும்)