கருவில் இரத்தம் உண்டாகும் விதம்

வெள்ளகவித் தாய்மார்களே!

"தாயோட ரத்தந்தானே பிள்ளைக்கும் ஓடுது" என்று பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. பிள்ளை தன் இரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 3-வது வாரத்தில் கருவை ஒட்டிய மஞ்சள்கருப் பையிலும், பிறகு கல்லீரலிலும், கடைசி மாதங்களில் எலும்பு மஜ்ஜையிலும் இவ்வேலை நடக்கிறது.

"சிவப்பணுவை உண்டாக்கு" என்று கட்டளையிடும் பொருளின் பெயர் எரித்ரோபாய்ட்டின். தாய்க்கு இது சிறுநீரகத்திலும், கருவுக்குப் பெரும்பாலும் கல்லீரலிலும் சுரக்கிறது. தாயிடமிருந்து இது பிள்ளைக்குச் செல்லாது. ஆனால் இரும்புச்சத்து தாயிடமிருந்துதான் செல்ல வேண்டும். இரும்பில்லாமல் கட்டளை மட்டும் இருந்தால், கொத்தனார் வந்தும் செங்கல் வராத கதைதான்!

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் குறைந்தால் ஆபத்து. சோகையுள்ள தாய் பேறுகால இரத்தப்போக்கைத் தாங்கமாட்டாள். கொடைக்கானலுக்கு ஏறினாலும், பெரியகுளத்துக்கு இறங்கினாலும் ஆஸ்பத்திரி சேர நேரமாகுமே!

ஆகவே:

• 4-வது மாதம் முதல் தினம் 1 இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை, 180 நாள். பேறுக்குப் பின்னும் 180 நாள்.

• "மாத்திரை போட்டா குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது" என்று நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், பயமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். டீ, காபியுடன் வேண்டாம், நெல்லிக்காய் நல்லது.

• ஊருக்குள் செருப்பில்லாமல் நடப்பது உங்கள் வழக்கம். மலம் கலந்த மண்ணிலுள்ள கொக்கிப்புழு பாதத்தின் வழியே நுழைந்து, குடலில் இரத்தத்தை உறிஞ்சும். எல்லோரும் கக்கூசையே பயன்படுத்துங்கள். 4-வது மாதத்துக்குப் பின் நர்ஸ் தரும் பூச்சி மாத்திரையையும் சாப்பிடுங்கள்.