குடும்பத்தவரின் வதிவிட உரிமையும் தொழில் உரிமையும்

பிழைப்பை நாடிப் பிறநாடு சென்ற ஒருவன் அங்கே நிலையானதொரு தொழிலைப் பெற்றுவிட்டான். ஒழுங்காக ஊதியம் கிடைக்கிறது. ஊருக்குப் பணமும் அனுப்புகிறான். ஆயினும் மனைவி ஓரிடத்திலும் மக்கள் ஓரிடத்திலும் தான் ஓரிடத்திலுமாக வாழ்நாள் கழியுமாயின் அவ்வூதியத்தினால் அவன் கண்ட பயன் யாது? எனவே குடும்பத்தைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள விரும்புகிறான். அப்பொழுது அந்நாட்டு அதிகாரிகள் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. வருபவர் அந்நாட்டில் வாழலாமா என்பது ஒன்று. வாழ்பவர் அங்கே தொழில் செய்யலாமா என்பது மற்றொன்று. முன்னையது வதிவிட உரிமை. பின்னையது தொழில் உரிமை. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறுத்தால், வந்தவர் ஒவ்வொரு செலவுக்கும் அழைத்தவரின் கையையே எதிர்பார்த்திருக்க நேரும்.

இவ்விரு கேள்விகளுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்திருப்பது ஐரோப்பாவாகும். அங்கு சட்டங்கள் இயற்றப்பட்டதோடு, லுக்சம்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்று வழக்குக்கு வழக்கு அவற்றின் பொருளை விளக்கியும் வந்துள்ளது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஏனைய ஐரோப்பிய நாடுகளிலும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வேரூன்றியிருப்பதால், இவ்விடைகள் இங்குள்ளோர்க்கும் தொலைவான செய்திகள் அல்ல.

1957ஆம் ஆண்டில் உரோமாபுரியில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, ஐரோப்பிய பொருளாதாரச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு நாடுகளின் தொழிலாளர், அந்நாடுகளுள் எதிலும் சென்று வேலை செய்ய வழி வகுத்தது. தொழிலாளன் உழைப்பு மட்டுமல்லன், அவன் ஒரு குடும்பத்தின் உறுப்பினனுமாவான் என்னும் உண்மையை 1968ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஏற்றுக்கொண்டது. அதன்படி வாழ்க்கைத் துணையும், 21 வயதுக்குட்பட்ட அல்லது அவரைச் சார்ந்து வாழும் பிள்ளைகளும், சார்ந்து வாழும் பெற்றோரும் தொழிலாளருடன் வந்து வாழலாம். துணையும் பிள்ளைகளும் எந்நாட்டுப் பிரசைகளாயினும் தொழில் செய்யலாம் என்றும் அவ்விதி கூறிற்று. கணவன் இத்தாலியனாகவும் மனைவி ஆபிரிக்க நாட்டவளாகவும் இருந்தால், இத்தாலியன் ஜேர்மனியில் வேலை பெற்றதும் மனைவிக்கும் அங்கே வாழவும் உழைக்கவும் உரிமை உண்டாயிற்று.

இவ்வுரிமை சார்புரிமை எனப்படும். கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி போல, குடும்பத்தவரின் உரிமை தொழிலாளரின் உரிமையைப் பற்றியே வளர்கிறது. அதன் வலிமையும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே. கொம்பு உறுதியாக நிற்கும்வரை கொடிக்குக் குறைவில்லை. கொம்பு சாய்ந்தால் கொடி என்னாகும்? ஐரோப்பியச் சட்டத்தின் வளர்ச்சி முழுவதும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

தொழில் உரிமை எத்துணை விரிவானது என்பதை 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டிற்று. பிரித்தானியப் பெண்ணொருவர் ஜேர்மனியில் சிகையலங்காரத் தொழில் செய்துவந்தார். அவருடைய கணவர் சைப்பிரஸ் நாட்டு வைத்தியர். அந்நாடு அக்காலத்தில் சமூகத்தின் அங்கத்துவ நாடு அன்று. அவர் ஜேர்மனியில் வைத்தியராகக் கடமையாற்ற உரிமை உண்டா என்பது வழக்கு. உரிய தகைமை இருப்பின், மனைவி செய்யும் தொழில் எதுவாயினும், கணவர் அந்நாட்டுப் பிரசைகளைப் போலவே வைத்தியத் தொழிலில் ஈடுபடலாம் என நீதிமன்று தீர்த்தது. துணைவரின் தொழில் உரிமை எளிய வேலைகளோடு நின்றுவிடுவதன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

ஒரே கூரையின்கீழ் வாழ்தல் கட்டாயமா என்ற கேள்வி அதற்கு முந்திய ஆண்டிலே எழுந்தது. பேர்லினில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மனைவி செனகல் நாட்டவர். அவர் கணவரைப் பிரிந்து, விவாகரத்துச் செய்யும் எண்ணத்துடன் தனியாக வீடெடுத்து வாழ்ந்தார். அவருடைய வதிவிட அனுமதி நீடிக்கப்படவில்லை. நீதிமன்றோ, விவாகம் முறைப்படி கலைக்கப்படும்வரை அது விவாகமே என்றும், தம்பதிகள் எப்பொழுதும் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை என்றும் கூறிற்று. அங்ஙனமன்றேல், சினங்கொண்ட கணவன் வீட்டுக் கதவை அடைத்த மாத்திரத்தே மனைவி நாட்டையும் இழந்துவிடுவாள் அல்லவா?

பழைய விதிகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து 2004 ஏப்ரல் 29இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய பணிப்புரை ஒன்றைப் பிறப்பித்தது. இன்று வழங்குவது இதுவே. ஒன்றியப் பிரசை வேறோர் அங்கத்துவ நாட்டில் வாழும்போது, பிறநாட்டுக் குடும்பத்தவருக்கு வதிவிட அட்டை வழங்கப்படும். மனுச் செய்து 6 மாதங்களுக்குள் அது கிடைத்தல் வேண்டும். பொதுவாக 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இங்கே கருத்தூன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அட்டை உரிமையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள உரிமைக்கு அத்தாட்சியாகவே விளங்குகிறது. பிறப்புப் பத்திரம் பிள்ளையைப் பெற்றெடுப்பதில்லை. பிறந்த பிள்ளையைப் பதிவு செய்கிறது. அதுபோன்றதே இதுவும். தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தபின் குடும்பத்தவர் நிரந்தர வதிவிட உரிமையைப் பெறுகின்றனர். அன்று முதல் கொடிக்குக் கொம்பு வேண்டியதில்லை.

அந்த 5 ஆண்டுகள் நிறைவுறுமுன் கொம்பு சாய்ந்தால் செய்வது என்ன? ஒன்றியப் பிரசை இறந்தால், அதற்குமுன் குறைந்தது ஓராண்டேனும் குடும்பத்தவராக அந்நாட்டில் வாழ்ந்தவர் தம் வதிவிட உரிமையை இழக்கமாட்டார். விவாகரத்து நிகழ்ந்தால், வழக்குத் தொடங்குமுன் விவாகம் 3 ஆண்டுகளேனும் நீடித்து, அவற்றுள் ஓராண்டு அந்நாட்டிலே கழிந்திருத்தல் வேண்டும். வீட்டில் வன்முறைக்கு ஆளானமை போன்ற இன்னல்கள் இருப்பின் இக்கால எல்லை வற்புறுத்தப்படுவதில்லை. எனினும் இங்ஙனம் உரிமை காப்பவர் தாமே உழைத்தோ, போதிய வருவாயும் நோய்க் காப்புறுதியும் கொண்டோ வாழ்தல் வேண்டும். தொழில் உரிமையின் அருமை இங்கேதான் புலனாகும். இதுகாறும் வேலை செய்ய இடம் பெற்றிருந்தவளே, தனித்து நிற்கவேண்டிய நாளில் தனித்து நிற்க வல்லவளாவாள்.

இச்சட்டத்திலும் ஒரு பொறி மறைந்திருந்தது. விவாகரத்து வழக்குத் தொடங்குமுன்பே ஒன்றியப் பிரசை அந்நாட்டைவிட்டுப் போய்விட்டால், எஞ்சியவரின் உரிமை அத்துடன் அற்றுப்போகும் என 2015இல் நீதிமன்று கூறிற்று. முதலில் நீதிமன்றம் செல்வதா, முதலில் விமானம் ஏறுவதா என்பதில் ஒருவரின் வாழ்வு தங்கியிருக்கும் நிலை உண்டாயிற்று. கொடுமை செய்த கணவனே நாட்டைவிட்டு நீங்கி மனைவியின் உரிமையை அழித்துவிடக்கூடுமே என்ற குறை 2021இல் ஓரளவு தீர்ந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர், துணை நாட்டைவிட்டு நீங்கியபின் நியாயமான காலத்துள் விவாகரத்து வழக்கைத் தொடங்கினாலும் போதும் என்று அவ்வாண்டுத் தீர்ப்பு இடமளித்தது.

இதுவரை கூறியவை வேறோர் அங்கத்துவ நாட்டுக்குச் சென்ற ஒன்றியப் பிரசையின் குடும்பத்தைப் பற்றியவை. சொந்த நாட்டிலேயே இருந்துவிட்ட பிரசையின் நிலை யாது? வியப்புக்குரிய முரண்பாடு இங்கே தோன்றுகிறது. ஒல்லாந்தில் வாழ்ந்த ஒல்லாந்துப் பிரசைகள், சூரினாம் நாட்டவரான தம் தாய்மாரை அழைத்து வைத்துக்கொள்ள முயன்றனர். அப்பிரசைகள் வேறோர் அங்கத்துவ நாட்டுக்குச் சென்று தொழில் செய்தவரல்லர். ஆகையால் ஐரோப்பியச் சட்டம் அவர்களுக்குத் துணைவராது என 1982இல் தீர்ப்பாயிற்று. அதே ஒல்லாந்தில் வேலை செய்ய வந்த இத்தாலியனோ, சார்ந்து வாழும் தன் தாயை அழைத்துக்கொள்ளலாம்! வந்தவனுக்குத் திறந்த கதவு வீட்டுக்காரனுக்கு அடைபட்டது.

இக்கதவை ஓரளவு திறந்தது 1992 ஜூலை 7ஆந் திகதித் தீர்ப்பு. இந்தியர் ஒருவரும் அவருடைய பிரித்தானிய மனைவியும் 1983 முதல் 1985 வரை ஜேர்மனியில் வேலை செய்து, பின் பிரித்தானியாவுக்குத் திரும்பி வியாபாரம் தொடங்கினர். சொந்த நாட்டுக்குத் திரும்பும் மனைவி, பிறநாட்டிலிருந்து வந்த ஒன்றியப் பிரசைக்குக் கிடைக்கும் நிலையிலும் தாழ்ந்த நிலையை அடையலாகாது என்றது நீதிமன்று. திரும்பிவரும்போது குடும்பம் பிரியும் என்ற அச்சம் இருந்தால், முதலில் புறப்பட யார்தான் துணிவர் என்பதே அதன் நியாயம். பலர் இவ்வழியை நாடினர். சில நாட்கள் எல்லை கடந்து தங்கிவிட்டுத் திரும்புவது போதாது, அங்கே மெய்யாகவே குடும்ப வாழ்வு நடத்தியிருத்தல் வேண்டும் என 2014இல் நீதிமன்று வரையறை செய்தது.

ஊரைவிட்டு நீங்காத பிரசை தன் நாட்டுச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவன். பிரித்தானியா 2012 ஜூலையில் ஒரு விதி செய்தது. அதன்படி பிறநாட்டுத் துணையை அழைக்கும் பிரசை ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்டவேண்டியதாயிற்று. அத்தொகை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. அந்நாடு 2020இல் ஒன்றியத்தைவிட்டு விலகியமையால் முன்கூறிய மாற்றுவழியும் அங்கே புதிதாக வருவோர்க்கு அடைபட்டது. குறைந்த கூலிக்கு உழைப்பவனுக்கு, விவாகம் செய்யும் உரிமை உண்டு. அதன் பின் சேர்ந்து வாழும் உரிமைக்கு விலை உண்டு.

ஒன்றியப் பிரசை அல்லாத குடிவரவாளரின் குடும்பத்துக்கு 2003 செப்டெம்பரில் வேறொரு பணிப்புரை பிறந்தது. அயர்லாந்தும் டென்மார்க்கும் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. இதன்படி, ஓராண்டேனும் செல்லுபடியாகும் அனுமதியும் நிலைத்து வாழும் வாய்ப்பும் உடையவர், துணையையும் வயது வராத பிள்ளைகளையும் அழைக்கலாம். வீடு, காப்புறுதி, நிலையான வருமானம் ஆகியவற்றை அரசு கேட்கலாம். மனுவுக்கு 9 மாதங்களுக்குள் முடிவு கூறல் பொதுவிதி. வந்த குடும்பத்தவரின் தொழில் உரிமையை முதல் 12 மாதங்களுக்கு மட்டுப்படுத்தவும் அரசுக்கு இடமுண்டு. 5 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்தில் துணைவர் தமக்கெனத் தனி அனுமதி பெற உரித்துடையவராவார். அகதி நிலை பெற்றவரிடம் வீடும் வருமானமும் பற்றிய நிபந்தனைகள் கேட்கப்படுவதில்லை. ஆனால் அந்நிலை கிடைத்து 3 மாதங்களுக்குள் மனுச் செய்யாவிடின் அவற்றைக் கேட்க அரசுக்கு இடமுண்டு. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த 3 மாதங்களே வாழ்வின் திருப்பமாக அமைந்துவிடக்கூடும்.

வருமான நிபந்தனைக்கும் எல்லை உண்டு. 1970 முதல் ஒல்லாந்தில் வாழ்ந்த மொரொக்கோ நாட்டவர் ஒருவரின் வருமானம், ஆகக்குறைந்த சட்டபூர்வக் கூலியின் 120 வீதத்தை எட்டவில்லை என்று அவர் மனைவிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சட்டத்தின் நோக்கம் குடும்பங்களைச் சேர்த்துவைத்தல். ஆதலின் அவரவர் நிலையை ஆராயாது ஒரே அளவுகோலால் அளத்தல் ஆகாது என 2010இல் நீதிமன்று விடையிறுத்தது.

கொம்பாக நிற்பவர் எப்பொழுதும் பெரியவரே என்பதில்லை. கொலம்பியத் தம்பதிகள் இருவர் பெல்ஜியத்தில் அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்டனர். உள்நாட்டுப் போர் காரணமாகத் திருப்பி அனுப்பப்படவும் இல்லை. அங்கே பிறந்த அவர்களுடைய இரு பிள்ளைகளும் பெல்ஜியப் பிரசைகளாயினர். தந்தை அனுமதியின்றியே உழைத்து, வரியும் காப்புறுதிக் கட்டணமும் செலுத்தி, பின்னர் வேலையிழந்து நின்றார். 2011 மார்ச் 8இல் நீதிமன்று தீர்ப்பளித்தது. பெற்றோருக்கு வதிவிடமும் தொழில் அனுமதியும் மறுத்தால், குழந்தைகளும் அவர்களோடு ஒன்றியத்தையே விட்டுப் போக நேரும். அவர்களுடைய பிரசாவுரிமை வெறும் ஏடாகிவிடும் என்றது. வாழ இடங்கொடுத்து உழைக்கத் தடுத்தாலும் முடிவு அதுவேயாகும் என்பதை நீதிமன்று உணர்ந்திருந்தது. குடும்பம் சேர்ந்து வாழ்வது நல்லது என்பது மட்டும் இவ்வுரிமைக்குப் போதாது என அதே ஆண்டு நவம்பரில் அது எல்லையும் வகுத்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். குடும்பத்தவரின் உரிமை ஒரே உரிமையன்று. அழைப்பவர் யார், அவர் எங்கிருந்து எங்கே சென்றார், விவாகம் எத்தனை ஆண்டு நீடித்தது, மனு எந்நாளில் கொடுக்கப்பட்டது என்பவற்றுக்கேற்ப அது வேறுபடுகிறது. பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கும் என்று எண்ணி ஏமாந்தோர் பலர். ஆகவே பிறநாட்டில் வாழும் உறவினரிடம் செல்லக் கருதுவோர், தம் உரிமை எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை முதலிலும், எத்தனை ஆண்டில் அது தமக்கே உரிய தனியுரிமையாகும் என்பதை அடுத்தும் கேட்டறிதல் வேண்டும். விவாகப் பத்திரம், வாடகைச் சீட்டு, சம்பளச் சீட்டு முதலியவற்றை ஆண்டு தவறாது பேணிவைத்தலும் இன்றியமையாதது. பிரிவோ இறப்போ நேர்ந்த நாளில் அவரை அந்நாட்டில் நிலைநிறுத்தப் போவன அந்தத் தாள்களும், இதுகாறும் செய்துவந்த தொழிலுமேயாம்.