கழகமா, பாடசாலையா?

2018 ஆம் ஆண்டு ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கூடியிருந்த மக்களுள், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. குடும்பத் தலைவர் எம்மோடு ஒரே வகுப்பில் படித்தவர். கூடாரத்தின் முன்னால் பாய் விரித்து அமர்ந்து பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தம் மகளைக் காட்டி, “சுவாமி, இவளுக்கு நீங்களாவது ஒரு புத்தி சொல்லுங்கோ” என்றார்.

பிள்ளைக்கு அப்போது வயது 14. ஏழு வயது முதல் உதைபந்தாட்டக் கழகமொன்றில் விளையாடி வந்தவள். அடுத்த மாதம் உயர்நிலைப் பாடசாலையில் 9 ஆம் வகுப்புக்குப் போக இருந்தாள். அயல்வீட்டுத் தோழியர் எல்லோரும் பாடசாலை அணியில் சேர ஆயத்தமாகிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் அதற்கு வழியில்லை. அவளது கழகம் முந்திய ஆண்டு தேசிய மட்டத்திலான ஒரு புதிய பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தது. அத்திட்டத்தில் இருப்பவர்கள் பாடசாலைக்கு விளையாடக்கூடாது என்பது விதி. “பள்ளிக்கூடத்துக்கு விளையாடினால் ஆர் பார்க்கப் போகினம்? கழகத்தில நிண்டால் பல்கலைக்கழகத்துக்கு ஸ்கொலர்ஷிப் கிடைக்கும்” என்பது தகப்பனின் வாதம். பிள்ளை எம்மைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்: “ஏன் சுவாமி, ரெண்டிலயும் விளையாட ஏலாதா?”

எமக்கு விடை தெரியவில்லை. “அம்மா அப்பா உன்ர நன்மைக்குத்தானே சொல்லுகினம்” என்று கூறி, நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு அனுப்பிவிட்டோம். அந்தப் பதில் பின்னர் எம்மை உறுத்தியது. அதன் பின் இவ்விடயம் பற்றித் தேடி வாசித்தோம். வாசித்ததில் எமது கிராமப் பணிக்கும் ஒரு பாடம் இருக்கக் கண்டோம். அதனையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பாடசாலை திறந்த வாசல்

அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் உதைபந்தாட வந்த வரலாறு நீண்டதொன்றல்ல. 1971–72 கல்வியாண்டில் நாடு முழுவதிலும் உயர்நிலைப் பாடசாலை அணிகளில் உதைபந்தாடிய சிறுமியர் வெறும் 700 பேர். 1972 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு நிறைவேறியது. அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்பதே அதன் சாரம். அச்சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. எனினும் அதன் பலன் விளையாட்டு மைதானத்திலும் தெரிந்தது. 2018–19 கல்வியாண்டில் பாடசாலைகளில் உதைபந்தாடிய சிறுமியரின் தொகை 3 இலட்சத்து 94 ஆயிரத்தை எட்டியிருந்தது.

இவ்வளவு பெரிய தொகையினருக்கு வாய்ப்பளிக்கப் பாடசாலையால் முடிந்ததற்குக் காரணம் உண்டு. பாடசாலை ஏற்கெனவே எல்லா ஊர்களிலும் இருந்தது. மைதானம் இருந்தது. பயிற்சியளிக்க ஆசிரியர் இருந்தார். கைதட்ட ஊர் இருந்தது. ஏழைப் பிள்ளையும் பெரிய செலவின்றி ஊரின் பெயரை மார்பில் தாங்கி ஓட முடிந்தது.

அமெரிக்கப் பெண்கள் அணி 1991 இல் சீனாவில் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணத்தை வென்றது. 1999 ஆடி 10 ஆம் திகதி கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 90,000 இற்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில் சீன அணியைத் தண்ட உதைகளில் வென்று, அக்கிண்ணத்தை மீண்டும் கைப்பற்றியது. அந்தத் தலைமுறை வீராங்கனைகளுக்குப் பாடசாலை மைதானம் அந்நியமானதன்று.

கழகங்களின் எழுச்சி

பாடசாலையின் குறைகளையும் மறைக்கலாகாது. பருவம் ஏறத்தாழ மூன்று மாதங்களே. அதற்குள் வாரத்துக்கு இரண்டு, மூன்று போட்டிகள் நெருக்கமாக வரும். பயிற்சிக்கு நாட்கள் போதா. பயிற்றுநர் சில வேளைகளில் நல்ல மனமுடைய ஓர் ஆசிரியராக இருப்பாரேயன்றி, ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவராக இருக்கமாட்டார். திறமையுள்ள பிள்ளையும் இப்போதுதான் பந்தைத் தொட்ட பிள்ளையும் ஒரே அணியில் நிற்பர்.

இவ்விடத்தில்தான் கழகங்கள் வளர்ந்தன. 1964 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அமெரிக்க இளையோர் உதைபந்தாட்ட அமைப்பு, வந்த பிள்ளைகள் எல்லோரும் விளையாட வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டது. பின்னர் எழுந்த போட்டிக் கழகங்களோ தேர்ந்தெடுத்த பிள்ளைகளையே சேர்த்தன. சம்பளம் பெறும் பயிற்றுநர், சமபலமுள்ள எதிரணிகள், தூர மாநிலங்களுக்குப் பயணம் என இவை விரிந்தன. பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் வீராங்கனைகளைத் தேடிப் பெரும்பாலும் இக்கழகங்களின் சுற்றுப்போட்டிகளுக்கே வருகிறார்கள். ஆகவே தகப்பனின் வாதம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் செலவு குடும்பத்தின் தலையில்தான். ஆண்டுக்குச் சில ஆயிரம் டொலர்களைக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

2009 இல் சிறந்த பெண்கள் கழகங்கள் சேர்ந்து தமக்கென ஒரு தேசிய லீக்கை உருவாக்கின. அது பிள்ளைகள் பாடசாலைக்கு விளையாடுவதைத் தடுக்கவில்லை. பாடசாலைப் பருவத்தில் கழகம் ஒதுங்கி நிற்கும். பின்னர் தன் வேலையைத் தொடரும். ஆனால் 2017 இல் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனமே சிறுமியருக்கான அபிவிருத்தி அக்கடமி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டில் பத்து மாதம், வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. சில விலக்குகள் தவிர, பாடசாலை அணிக்கு இடமில்லை. குறைந்த போட்டி, கூடிய பயிற்சி என்பது அவர்களின் நியாயம். நுட்பத்தை மட்டும் நோக்கினால் அது சரியான நியாயமே. அப்பிள்ளை அகப்பட்டிருந்தது இத்திட்டத்தினுள்தான்.

புலமைப்பரிசில் என்னும் கனவு

பெற்றோரின் மனதில் இருப்பது பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். அதன் உண்மை நிலை என்ன? உயர்நிலைப் பாடசாலையில் உதைபந்தாடும் நூறு சிறுமியருள் பல்கலைக்கழகங்களின் தேசிய விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த அணிகளில் இடம்பெறுவோர் ஏறத்தாழ ஏழு பேர். முதற் பிரிவு அணிகளுக்குச் செல்வோர் இரண்டு அல்லது மூன்று பேர். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்கப்படுவதே இல்லை. முதற் பிரிவிலும் பல ஆண்டுகளாக ஓரணிக்கு 14 முழுப் புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொடுப்பதே வழக்கம். ஏழு வயதிலிருந்து கழகத்துக்குக் கட்டிய பணத்தைச் சேமித்திருந்தால் அதுவே படிப்புச் செலவின் ஒரு பகுதிக்கு உதவியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்கால் மூட்டின் உள்ளே குறுக்காகச் செல்லும் தசைநார் அறுந்துபோகும் காயம், உதைபந்தாட்டத்தில் சிறுவர்களைவிடச் சிறுமியருக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016 இல் வெளியிட்ட அறிக்கை, 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்றும், வாரத்தில் ஓரிரு நாட்களும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களும் அவ்விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என்றும் கூறுகிறது. பத்து மாதத் திட்டத்தில் மூன்று மாத ஓய்வு எங்கே? அதேவேளை, கழகத்தையும் பாடசாலையையும் ஒரே வாரத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவதும் இதே ஆபத்தையே தரும். இரண்டிலும் விளையாடலாம், ஆனால் ஒரே காலத்தில் அன்று.

ஏபி வொம்பாக் என்ற வீராங்கனையை இங்கு நினைவுகூரலாம். நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில், இரக்கத்தின் அருட்சகோதரிகள் நிறுவிய கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையில் படித்தவர். பாடசாலைக்காக 142 கோல்கள் அடித்தார், கழகத்துக்கும் விளையாடினார், அதே பாடசாலையில் கூடைப்பந்தும் ஆடினார். தலையால் பந்தை அடிக்க உரிய கணத்தில் எழும்புவதற்குக் கூடைப்பந்து தமக்கு உதவியதாகப் பின்னர் கூறியிருக்கிறார். நாட்டுக்காக 184 கோல்கள் அடித்து 2015 இல் அவர் ஓய்வுபெற்றபோது, ஆண், பெண் இருபாலாரிலும் அதற்கு நிகரான எண்ணிக்கை இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் பயிற்றுநர் சிலரின் துர்நடத்தை பற்றி, முன்னாள் பதில் சட்டமா அதிபர் சாலி யேற்ஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2022 ஐப்பசியில் வெளிவந்தது. வசைமொழியையும் எல்லை மீறலையும் இயல்பெனக் கொள்ளும் பழக்கம் இளையோர் மட்டத்திலேயே வேர்கொள்கிறது என்று அது சுட்டிக்காட்டியது. பிள்ளையின் எதிர்காலம் முழுவதும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது பிள்ளையும் பேசாது, பெற்றோரும் பேசார். பாடசாலையிலும் தவறு நடக்கலாம். திருச்சபையிலும் நடந்திருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஏற்கிறோம். ஆகவேதான் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களும், நம்பிப் பேச ஒருவருக்கு மேற்பட்ட பெரியவர்களும் வேண்டும் என்கிறோம்.

ஒரே நாளில் மூடிய கதவு

2020 சித்திரை 15 ஆம் திகதி, கொரோனாத் தொற்றினால் நேர்ந்த நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, சம்மேளனம் அபிவிருத்தி அக்கடமியை மூடிவிட்டது. மூன்று ஆண்டுகளேனும் நிறையவில்லை. கழகங்கள் அவசர அவசரமாக வேறு லீக்குகளைத் தேடின. பாடசாலை அணியை விட்டுக்கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த இலையுதிர் காலங்களைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியவில்லை. பாடசாலைகளோ அதே இடத்தில் இருந்தன.

எம் நண்பரின் மகள் 2020 இல், தனது 11 ஆம் வகுப்பில், முதன்முறையாகப் பாடசாலை அணியில் சேர்ந்தாள். முதல் வாரங்களில் மற்றப் பிள்ளைகள் அவளோடு அதிகம் பேசவில்லையாம். அவர்கள் இரண்டு ஆண்டுகள் ஒன்றாக வென்றும் தோற்றும் பழகியவர்கள், இவளோ புதியவள். 2022 இல் அவள் பல்கலைக்கழகம் சென்றாள். விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. “காசு போனது பெரிசில்லைச் சுவாமி, அந்த ரெண்டு வருசம்தான்” என்று தகப்பன் தொலைபேசியில் சொன்னபோது, மடுவில் நாம் கொடுத்த பதில் மீண்டும் நினைவுக்கு வந்தது. அப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லைச் சுவாமி, ஒருத்தருக்கும் தெரியேல்லைத்தானே” என்றாள்.

எமக்குரிய பாடம்

இது தூர தேசத்துப் பணக்காரப் பிள்ளைகளின் பிரச்சினை என்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை. கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டுள்ள நாமும் இதையே செய்திருக்கிறோம். திட்டமொன்றுக்குப் பணம் கிடைத்தவுடன், கிராமத்தில் ஏற்கெனவே இருந்த சனசமூக நிலையத்தையும் மாதர் சங்கத்தையும் விளையாட்டுக் கழகத்தையும் ஓரமாக வைத்துவிட்டுப் புதிய குழுவொன்றை அமைக்கிறோம். அவற்றில் துடிப்பாக நின்ற பெண்பிள்ளைகளையே தெரிந்தெடுக்கிறோம். அவர்கள் எமது கூட்டங்களுக்கு மட்டும் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இது எமது கரையோரக் கிராமங்களில் பலமுறை நடந்தது. திட்டக் காலம் முடிய அலுவலகம் பூட்டப்படும். பழைய சங்கமோ ஆளில்லாமல் மெலிந்திருக்கும்.

புதிய பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திறமைக்கு ஏற்ற பயிற்சி பிள்ளையின் உரிமை. ஆனால் “எம்மிடம் மட்டும்” என்ற நிபந்தனை வந்தவுடன், பயிற்சி என்பது உடைமையாக மாறிவிடுகிறது. பிள்ளை கழகத்தின் சொத்தும் அன்று, பாடசாலையின் சொத்தும் அன்று, பெற்றோரின் முதலீடும் அன்று. 2018 ஆனியில் வத்திக்கான் விளையாட்டைப் பற்றி வெளியிட்ட ஆவணமும் மனித மாண்பையே மையத்தில் வைக்கிறது.

அடுத்த முறை ஒரு பிள்ளை “ரெண்டிலயும் ஏலாதா?” என்று கேட்டால், அவளைத் திருத்த முயலாமல், அந்த விதியை எழுதியவர்களிடம் அதே கேள்வியை நாம் எடுத்துச் செல்வோம்.

குழுவாகச் சிந்திக்க:

1. எமது ஊரில் பெண்பிள்ளைகள் விளையாட எத்தனை இடங்கள் உண்டு? அவை ஒன்றையொன்று தாங்குகின்றனவா, போட்டியிடுகின்றனவா?

2. நாம் தொடங்கிய திட்டங்களுள் எது முன்னிருந்த ஒரு சங்கத்தை மெலியச் செய்தது?

3. எமது பிள்ளைகளுக்கு ஒரு தீமை நேர்ந்தால், பயிற்றுநரையும் எம்மையும் தவிர வேறு யாரிடம் சென்று சொல்ல அவர்களால் முடியும்?